சுவருக்கு அந்தப் பக்கம் காபி வாசம்

நான் பயந்தாங்கொள்ளி. அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமே கிடையாது. சிவகாசிக்குப் பக்கத்தில் விஸ்வநத்தத்தில் குடியிருந்துகொண்டு பட்டாசுக்குப் பயப்படுகிறவனை ஊர் சும்மா விடுமா? தீபாவளியன்று காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பேன். தெருவில் போகிறவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, உயிரோடு இருக்கிறேனா என்று விசாரித்துவிட்டுப் போவார்கள். தீக்குச்சியைக்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் உரசுவேன். அதிலேயே பாதிக் குச்சி வீணாகும். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். பயப்படாதவர்கள் பலபேருடைய கையும் முகமும் என்ன ஆனதென்று பார்த்துக்கொண்டேதான் நான் வளர்ந்தேன்.

இந்த லட்சணத்தில் நான் நடத்தியது புத்தகக்கடை. தரையிலிருந்து கூரை வரைக்கும் காகிதம். ஒரு பொறி விழுந்தால் போதும். யோசித்துப் பார்த்தால் எனக்கே என்மேல் கோபம் வருகிறது, ஒரு மண்பானைக் கடை வைத்திருக்கக் கூடாதா?

இரண்டாயிரங்களின் தொடக்கம் அது. செல்போன் பெரிய முதலாளிகளின் இடுப்பில் மட்டும் தொங்கிய காலம். என் கடையில் இருந்த புத்தகம் எதற்கும் சொந்த அட்டை கிடையாது. அதற்குக் காரணம் வெடிதான். வெடிக்கான குழாயைப் பழைய காகிதத்தில்தான் சுருட்டுவார்கள். பரீட்சைத் தாள், வாரப் பத்திரிகை, யாரோ ஒருவர் வீட்டைக் காலி செய்தபோது எடைக்குப் போட்ட நாவல், எல்லாமே அவர்களுக்கு ஒன்றுதான். விருதுநகரில் மிளகாய் வத்தல் கிடங்குகளுக்கு நடுவே ஒரு பழைய பேப்பர்க் கிடங்கு இருந்தது. புத்தகம் வந்து இறங்கியதும் அங்கே முதல் வேலையாக அட்டையைப் பிய்த்துவிடுவார்கள். அட்டை தடிமன், குழாய் சுருட்ட ஆகாது. மிச்சக் குவியலுக்குள் உட்கார்ந்து, பக்கத்துக் கிடங்கின் வத்தல் நெடியில் தும்மிக்கொண்டே நான் பொறுக்குவேன். புத்தகத்தின் பெயர் இருக்காது, எழுதினவர் பெயர் இருக்காது, சிலதில் முதல் நாலு பக்கமும் இருக்காது. அப்படியே மூட்டை கட்டி ஊருக்குக் கொண்டுவருவேன்.

ஊரில் அவற்றுக்குப் புது அட்டை போடுவேன். அச்சகங்களில் மெஷின் ஓட ஆரம்பிக்கும்போது வரும் முதல் தாள்களில் நிறம் ஒன்றோடொன்று சேராமல் விலகி நிற்கும். அதை வேஸ்ட் ஷீட் என்று ஒதுக்கிவிடுவார்கள். பட்டாசு லேபிள் அச்சடித்த அந்தத் தாள்கள்தான் என் அட்டைகள். இரண்டு கழுத்துள்ள மயில், கண் ஒருபக்கம் முகம் ஒருபக்கமாக இருக்கிற குருவி, சாயம் வழிகிற தாமரை. வெளியூர்க்காரர்கள் வாசலில் நின்று, இது புத்தகக்கடையா பட்டாசுக் கடையா என்று கேட்பார்கள். உள்ளூர்க்காரர்கள் ரெண்டு கழுத்து மயில் போட்டதில் அடுத்த பாகம் இருக்கிறதா என்பார்கள். இருக்கிற பாகத்திலேயே கடைசி அத்தியாயம் இல்லை என்று நான் சொல்வேன். அதற்கும் சரி என்று வாங்கிக்கொண்டு போவார்கள். தங்கமான ஜனங்கள்.

பெயர் தெரியாத புத்தகத்தை எப்படி விற்பது? உட்கார்ந்து இரண்டு பக்கம் படித்தால்தான் அது காதல் கதையா கோழி வளர்ப்பா என்று தெரியும். சும்மா உட்காரச் சொன்னால் எவன் உட்காருவான்? அதனால் காபி கொடுத்தோம். டம்ளர் ஆறுவதற்குள் வேண்டுமா வேண்டாமா என்று முடிவு சொல்லிவிட வேண்டும், அதுதான் கடைச் சட்டம். சட்டத்தை மதித்தவர் யாருமில்லை. ஆறின டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு பாதி நாவலைப் படித்துவிட்டு எழுந்து போன ஆட்கள் உண்டு.

காபிக்கு இன்னொரு காரணமும் இருந்தது, அது என் சுயநலம். நானும் எழுதுகிறவன். காபி இல்லாமல் எனக்கு ஒரு வரி வராது. பீற்றிக்கொள்ளச் சொல்லவில்லை, அதை ஒரு நோய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். டீ குடித்தால் எனக்குப் பேச்சு வரும், எழுத்து வராது. காபியிலும் குடிக்கிறது அப்புறம்தான். ஃபில்டரில் வெந்நீர் விழுந்து டிகாஷன் இறங்க ஆரம்பிக்கும்போது ஒரு வாசம் எழும்புமே, அதுதான் எனக்கு முக்கியம். காலையிலிருந்து முறைத்துக்கொண்டு நின்ற வாக்கியம் அந்த வாசத்துக்கு இறங்கி வரும். பால் கொதிப்பதற்குள் அரைப்பக்கம் எழுதியிருப்பேன். என் கதைகளில் ஏதாவது ஒரு வரி நன்றாக இருந்தது என்றால், அது டம்ளர் கைக்கு வருவதற்கு முன்னால் எழுதினதாகத்தான் இருக்கும்.

ஸ்டவ் என் மனைவியின் இலாகா. மண்ணெண்ணெய் ஊற்றிக் காற்றடிக்கிற பம்ப் ஸ்டவ். பற்ற வைத்ததும் ஆளுயரத்துக்கு மஞ்சளாக எழும்பி, கொஞ்சம் யோசித்து, பிறகுதான் நீலத்துக்கு இறங்கும். அந்தக் கொஞ்ச நேரம் நான் வாசலுக்குப் போய் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஒரு தடவை பால் பொங்கி பர்னரில் விழுந்து, குப்பென்று எழும்பின தீயில் அவள் புருவம் பொசுங்கிவிட்டது. அவள் புருவத்தைத் தடவிப் பார்த்துவிட்டு மறுபடியும் காற்றடித்தாள். கல்யாணத்துக்கு முன்னால் தீப்பெட்டி ஆபீசில், அதாவது தொழிற்சாலையில், வேலை பார்த்தவள். நான் ஸ்டவ்வைத் தொட மாட்டேன் என்பது ஊருக்கே தெரிந்த விஷயம். காபி குடிக்க வந்தவர்கள் என்னை ஸ்டவ்வைப் பற்ற வைக்கச் சொல்லிச் சீண்டுவது அங்கே ஒரு பொழுதுபோக்கு.

கடை இருந்த கட்டிடம் முன்பு தீப்பெட்டி ஆபீசாக இருந்தது. நீளமான ஒற்றை அறையை நடுவில் சுவர் வைத்து இரண்டாகப் பிரித்திருந்தார்கள். சுவர் கூரை வரை போகவில்லை. மேலே கை நுழைகிற அளவுக்கு இடைவெளி. முன்பாதி என் கடை. பின்பாதிக்கு வாசல் அந்தப் பக்கம், கருவேலங்காட்டைப் பார்த்து. அங்கே ஆள் நடமாட்டம் கிடையாது.

அந்தக் கட்டிடத்தின் வீட்டுக்காரர் அதே தெருவில், கொஞ்சம் தள்ளிக் குடியிருந்தார். அவர் யாரையும் அதட்டி நான் பார்த்ததில்லை. கோபம் வந்தால் குரல் இன்னும் மெல்லிசாகும். அதுதான் எனக்குப் பயம். அந்த வருஷம் தீபாவளிப் பட்டாசு சீசன் சூடு பிடித்தபோது, பின்பாதியைக் காலிப் பெட்டி போட்டுவைக்க ஒரு கம்பெனிக்கு விட்டிருப்பதாகச் சொன்னார். எனக்கென்ன, போடட்டும் என்று இருந்துவிட்டேன்.

பெட்டி வந்த பிறகு அங்கிருந்து ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தது. சரசரவென்று, காகிதத்தைக் காகிதத்தில் தேய்ப்பது மாதிரி. எலிதான் என்று முடிவு கட்டினேன். எனக்கு உயிர் போய்விட்டது. அட்டையில்லாத புத்தகத்தைத் தின்ன எலிக்கு எத்தனை நேரமாகும்? பொறி வாங்கிச் சுவரோரம் வைத்தேன், ஒன்றும் விழவில்லை. ஆனால் ஒரு அதிசயத்தைக் கவனித்தேன். மனைவி ஸ்டவ்வைப் பற்ற வைத்ததும் சரசரப்பு பட்டென்று நின்றுவிடும். டிகாஷன் வாசம் பரவும்போது அந்தப் பக்கம் மூச்சுக்கூடக் கேட்காது. ஸ்டவ்வை அணைத்துக் கொஞ்ச நேரம் ஆனதும் மறுபடியும் ஆரம்பிக்கும். எலியே ஸ்டவ்வுக்குப் பயப்படும்போது நான் பயந்தால் என்ன தப்பு என்று மனைவியிடம் கேட்டேன். எலியோடு சேர்ந்து நானும் வளைக்குள் போய்விடலாம் என்றாள். உண்மையைச் சொன்னால், அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது. வாசமும் அமைதியும் சேர்ந்து வந்ததில் கிடப்பில் கிடந்த ஒரு நீண்ட கதை மளமளவென்று நகர்ந்தது. என் வாழ்க்கையில் நான் அவ்வளவு நன்றாக எழுதின மாதம் வேறில்லை.

சனிக்கிழமைதோறும் விருதுநகருக்குப் போய்ப் புத்தக மூட்டையும், கடைத்தெருவில் அப்போதே அரைத்த காபித்தூளும் வாங்கி வருவேன். சாயங்காலம் சிவகாசியில் டவுன் பஸ் மாறி விஸ்வநத்தம். ஊருக்குள் திரும்புகிற வளைவில் பிள்ளையார் கோயில் இருக்கிறது. டிரைவர் அங்கே ஹாரனை அமுக்குவார். அது கடைக்குக் கேட்கும். கேட்டதும் என் மனைவி ஸ்டவ்வைப் பற்ற வைப்பாள். நான் மூட்டையோடு நடந்து வருவதற்குள் தண்ணீர் தளதளவென்று இருக்கும். புதுத்தூள் வாசம் போவதற்குள் டிகாஷன் போட்டுவிட வேண்டும், நான் உடனே எழுத உட்கார வேண்டும். எங்கள் வீட்டில் மிக ஒழுங்காக நடந்த ஒரே காரியம் இதுதான்.

அந்தச் சனிக்கிழமை விருதுநகரிலிருந்து திரும்புகிற பஸ்ஸில் எங்கள் தெரு லோடுமேன் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வீட்டுக்காரருக்கு மூட்டை இறக்குகிறவர். ஆமத்தூர் தாண்டினதும் கேட்டார்.

"அண்ணாச்சி, கடையில இன்னும் காபி போடுறீகளா?"

போடாமல் இருப்பேனா? மடியிலிருந்த பொட்டலத்தைத் தட்டிக் காண்பித்தேன்.

"தீபாவளி முடியட்டும். அதுவரைக்கும் நிப்பாட்டி வைங்க."

ஏன் என்று கேட்டேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஒங்க கடைக்குப் பொறத்தால நான் எறக்குனது காலிப் பெட்டி இல்ல. திரி."

காய்ந்த திரி என்றால் என்னவென்று எங்கள் பக்கத்துப் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். நெருப்பு ஓடுவதற்கென்றே செய்வது அது. வெடிச்சரக்கும் கொஞ்சம் வந்திருக்கிறது, லைசென்ஸ் கிடையாது, என் பேரைச் சொல்லிவிடாதீர்கள் என்றெல்லாம் அவர் சொல்லிக்கொண்டே போனார். எனக்குப் பாதி காதில் விழவில்லை. இத்தனை நாளாக அந்தச் சுவரோரம், கூரை வரை போகாத அந்தச் சுவரோரம், ஆளுயரத் தீ எழும்பியிருக்கிறது. இன்றைக்கும் எழும்பும். ஹாரன் கேட்டதும் எழும்பும். அவர் திருத்தங்கலில் இறங்கிக்கொண்டார், நான் அந்தச் செய்தியோடு தனியாக உட்கார்ந்திருந்தேன்.

சிவகாசி பஸ் ஸ்டாண்டில் இறங்கி எஸ்டிடி பூத்துக்கு ஓடினேன். எங்கள் தெருவில் போன் இருந்தது வீட்டுக்காரர் வீட்டில்தான். எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்ற பயம் ஒரு பக்கம். அதையும் விழுங்கிக்கொண்டு நம்பரைப் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. ஆட்டோ தேடினேன். சீசனில் ஆட்டோவுக்குள் மனுஷனா ஏறுகிறான்? எல்லாவற்றிலும் பார்சல். அதற்குள் டவுன் பஸ் கிளம்பத் தயாராகி உறுமிக்கொண்டு நின்றது. நான் ஏறினாலும் ஏறாவிட்டாலும் அது வளைவில் ஹாரன் அடிக்கும். அந்த ஹாரனை நிறுத்த எனக்கிருந்த ஒரே வழி அந்த பஸ்ஸில் ஏறுவதுதான். ஏறினேன்.

டிரைவர் என் கடையில் காபி குடித்தவர். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நின்று, இன்றைக்கு வளைவில் ஹாரன் அடிக்க வேண்டாம் என்று கெஞ்சினேன். ஏன் என்றார். பஸ் முழுக்க எங்கள் ஊர் ஆட்கள். முன் சீட்டில் வீட்டுக்காரரின் மச்சினர் உட்கார்ந்திருந்தார். திரி என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்து ஒட்டிக்கொண்டது. வாயில் வந்த பொய்யைச் சொன்னேன். வீட்டில் சண்டை, நான் வருகிறேன் என்று தெரிந்தால் கத்துவாள், சத்தமில்லாமல் போய்விடுகிறேன்.

பஸ்ஸே சிரித்தது. பட்டாசுக்குத்தான் பயப்படுகிறார் என்று நினைத்தோம், பெண்டாட்டிக்கும் அப்படித்தானா என்று பின்னால் ஒருவர் கேட்டார். நானும் சேர்ந்து சிரித்தேன். வேர்வை முதுகில் வழிந்துகொண்டிருந்தது. டிரைவர் தலையை ஆட்டினார். சரி என்கிறார் என்று நினைத்தேன். வழியெல்லாம் கம்பியைப் பிடித்துக்கொண்டு எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். பிள்ளையார் கோயில் வந்தது. டிரைவர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"நானே மதினிய சமாதானம் பண்ணி வைக்கிறேன் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு ஹாரனை அமுக்கினார். அமுக்கின கையை எடுக்கவே இல்லை.

அந்தச் சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. என் பொய்தான் அப்படி அலறியது. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால்கூட வழக்கம்போல் ஒரு தடவை அடித்துவிட்டு விட்டிருப்பார்.

நிற்பதற்கு முன்னாலேயே குதித்தேன். மூட்டை பஸ்ஸோடு போய்விட்டது. காபிப் பொட்டலம் மட்டும் எப்படியோ கையில் இருந்தது. செருப்பு எங்கே கழன்றது என்று தெரியாது. ஓடும்போது கூரையைத்தான் பார்த்தேன். கூரை கூரையாகவே இருந்தது. பக்கத்தில் போகப் போக அதைப் பார்க்கவும் பயமாக இருந்தது.

வாசலுக்கு வரும்போதே ஸ்டவ் இரைந்துகொண்டிருந்தது. நீலத் தீ. அதன்மேல் பாத்திரம். சுவரோரம் மனைவி குனிந்து ஃபில்டரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வாசல்படியில் என் கால் நின்றுவிட்டது. வெளியே வா என்று கையால்தான் கூப்பிட முடிந்தது. மாரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்று நினைத்து ஓடி வந்தாள். காதில் சொன்னேன்.

"சுவத்துக்கு அந்தப் பக்கம் திரி கெடக்கு."

அவள் பயந்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. முகத்தில் ரத்தமே இல்லை. ரெண்டுபேரும் உள்ளே பார்த்தோம். மூடி தடதடவென்று ஆட ஆரம்பித்திருந்தது. பொங்கி பர்னரில் விழுந்தால் என்ன ஆகும் என்று அவள் புருவத்துக்குத் தெரியும். அணைக்கிறேன் என்று திரும்பினாள். நான் அவள் கையைப் பிடித்து இழுத்து வெளியே விட்டுவிட்டு உள்ளே போனேன். தைரியம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அவள் உள்ளே போய் நான் வெளியே நின்று பார்ப்பது எனக்கு அதைவிடப் பயமாக இருந்தது, அவ்வளவுதான்.

காற்றுத் திருகை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்றுகூட எனக்குத் தெரியாது. அவள் மணிக்கட்டு தினமும் எப்படித் திரும்பும் என்று நினைத்துப் பார்த்தேன். திருகு விரலிலிருந்து இரண்டு முறை நழுவியது. வாசலிலிருந்து அவள், இடது பக்கம், மெதுவாக என்றாள். திருப்பினேன். உஸ்ஸென்று காற்று போய், தீ சிறுத்து, அணைந்தது.

அப்போது சுவருக்கு மேலே இருந்த இடைவெளி வழியாக ஒரு பெண்குரல் கேட்டது.

"அமத்தியாச்சா மதினி?"

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மனைவி உள்ளே ஓடி வந்து யாரென்று கேட்டாள். அந்தக் குரல், வெடிக்குத் திரி சொருகுகிறவர்கள், ஏழெட்டுப்பேர் இருக்கிறோம், யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் என்றது. விடியுமுன்னே வந்துவிடுவார்களாம், இருட்டினபிறகு போவார்களாம். வெளியே வாருங்கள் என்றாள் மனைவி. வெளியே பூட்டியிருக்கிறது என்றது குரல்.

தினமும் ஸ்டவ் எரிகிறது என்று தெரிந்தும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று அவள் அழாத குறையாகக் கேட்டாள்.

"சத்தம் காட்டுனா வேலை இல்லைன்னுட்டாக மதினி. ஸ்டவ் சத்தம் கேட்டதும் நிப்பாட்டிருவோம். ரோட்டுல லாரி போனா அது கேக்காது. காபி வாசம் வந்துரும்ல. வாசம் வந்ததும் கைய எடுத்து மடியில வச்சுக்கிடுவோம். அடங்குற வரைக்கும் அசைய மாட்டோம்."

எலி. நான் பொறி வைத்த எலி. எழுதுவதற்குத் தோதாக இருக்கிறது என்று நான் சந்தோஷப்பட்ட அமைதி. சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு வாக்கியம் இறங்கி வந்த அதே நேரத்தில், அந்தப் பக்கம் ஏழெட்டுப்பேர் கையை மடியில் வைத்துக்கொண்டு சாகப் போகிறோமா என்று காத்திருந்திருக்கிறார்கள். ஒரு மாதம்.

பின்பக்கம் ஓடினோம். பெரிய பூட்டு. மனைவி கீழே கிடந்த கல்லை எடுத்தாள். உள்ளேயிருந்து பதறின குரல், கல்லால் அடித்தால் பொறி பறக்கும் என்றது. அவள் கல்லைக் கைக்குழந்தையைப் போலக் கீழே வைத்தாள். சாவி ஒரே ஆளிடம்தான் இருக்கும். அவளை ரோட்டுக்குப் போய் நிற்கச் சொல்லிவிட்டு வீட்டுக்காரர் வீட்டுக்கு நடந்தேன்.

அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். போன் மணி கேட்டிருக்கும், சீசன் நேரத்தில் அவர் எடுப்பதில்லை போல. பின்வாசல் சாவி வேண்டும் என்றேன். பேப்பரை மடித்தார்.

"காலிப் பெட்டிய என்ன அண்ணாச்சி பாக்கப் போறீக?"

மெல்லிசான குரல். வழக்கமாக அந்தக் குரலுக்கு நான் ஒன்றுமில்லை என்று சொல்லித் திரும்பிவிடுவேன். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. அன்றைக்கு இரண்டாவது பொய்யைச் சொன்னேன். ஸ்டவ் எரிந்துகொண்டிருக்கிறது, பால் பொங்கி மண்ணெண்ணெய் வழிகிறது, மனைவி கடையில் இல்லை என்றேன்.

"போய் அமத்த வேண்டியதுதானவே?" குரல் கொஞ்சம் ஏறியது.

"எனக்கு ஸ்டவ்வத் தொடப் பயம்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

ஊருக்கே தெரிந்ததாயிற்றே. அவர் முகத்தைப் பார்த்தேன். நம்பிவிட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு, என்னை ஒரு வசவு வைதுகொண்டே நேரே பின்வாசலுக்கு ஓடினார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டது அன்றைக்குத்தான். பூட்டைத் திறக்கும்போது சாவி அவர் கையிலிருந்தும் இரண்டு முறை நழுவியது.

கதவு திறந்ததும் அவர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். கையெல்லாம் சாம்பல் நிறத்தில் இருந்தது. வெளிச்சம் கூசியதில் முகத்தை மறைத்துக்கொண்டு கருவேலங்காட்டுக்குள் நடந்து போய்விட்டார்கள். கடைசியாக வந்தவள் மட்டும் என் மனைவி நின்ற பக்கம் திரும்பிப் பார்த்தாள். வீட்டுக்காரர் என் கடைக்குள் எட்டிப் பார்த்தார். ஸ்டவ் அணைந்து கிடந்தது, பாத்திரத்தில் வெறும் தண்ணீர். என்னைப் பார்த்த பார்வையில் எல்லாம் இருந்தது. இருட்டுவதற்குள் சரக்கு வேறிடம் போயிற்று. எங்கே போயிற்று, அங்கே சுவருக்கு இந்தப் பக்கம் யார் இருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அந்தக் கேள்வி இப்போதும் என்னைத் தூங்க விடுவதில்லை. மாதம் முடிவதற்குள் கடையைக் காலி செய்யச் சொன்னார், செய்தோம்.

விருதுநகர் ரோட்டில், பக்கத்தில் எதுவுமே இல்லாத ஒரு அறை கிடைத்தது. நான்கு பக்கமும் சுற்றிப் பார்த்த பிறகுதான் வாடகையே பேசினேன். கடைக்குள் ஸ்டவ் கூடாது என்று முடிவு செய்தோம். பட்டாசு ஆலைகளுக்கு டீ போவது மாதிரி, காபி வீட்டிலிருந்து பிளாஸ்கில் வரும். அந்த நீண்ட கதையை நான் முடிக்கவில்லை. எடுத்துப் படிக்கவே பயமாக இருந்தது. ஒவ்வொரு நல்ல வரிக்கும் அந்தப் பக்கம் எப்படி இருந்திருக்கும் என்று தோன்றிவிடும்.

தீபாவளி முடிந்து சீசன் ஓய்ந்த ஒரு மத்தியானம் ஒரு பெண் கடைக்கு வந்தாள். படம் போட்ட புத்தகம் ஏதாவது இருக்கிறதா, மகளுக்கு வேண்டும் என்று கேட்டாள். சுவருக்கு மேலே கேட்ட அதே குரல் என்று எனக்கும் மனைவிக்கும் உடனே தெரிந்துவிட்டது. நல்ல நாற்காலியாகப் பார்த்து உட்கார வைத்தோம். இரண்டு கழுத்து மயில் அட்டை போட்ட ஒரு கதைப்புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். விரலால் வரியைத் தொட்டுத் தொட்டுப் படிக்க ஆரம்பித்தாள். மயிலைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தாள். அவளுக்குக் கொடுக்கலாமென்று மனைவி பிளாஸ்கைத் திறந்தாள்.

வாசம் கடை முழுக்கப் பரவியது.

அவள் கை புத்தகத்தை விட்டு எழுந்தது. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, கண்ணைத் தரையில் ஊன்றி, அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பிடிக்க ஆளில்லாமல் புத்தகம் சரிந்து கீழே விழுந்தது. மனைவி கையில் டம்ளரோடு அப்படியே நின்றாள்.

"இங்கன அடுப்பே இல்லம்மா" என்றேன்.

"தெரியும் அண்ணாச்சி" என்றாள். "கைக்குத் தெரியலையே."